பின் அறைக்கு எட்டாத வைஃபை



கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பொம்மனஹள்ளியில் வசிக்கும் நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு பிழைப்பைத் தேடி இந்நகரத்துக்கு வந்தவர்கள். கணவர் எலக்ட்ரானிக் சிட்டியில் வாகன ஓட்டுநர். மனைவி ஓசூர் சாலையை ஒட்டிய ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் தையல் வேலை செய்கிறார். மகள் இவ்வாண்டு எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிறாள். நான் போனபோது மூவரும் ஒரு விளம்பரத் தாளைச் சுற்றி அமர்ந்திருந்தனர். ஆறு ஆன்டெனாக்களோடு சிலந்தியைப் போல் நிற்கும் ஒரு ரவுட்டரின் படம் அதில் இருந்தது. விலை 8,000 ரூபாய்க்கு மேல். மாதத் தவணையில் வாங்குவதாக ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

“பிரதர், நீங்கதான் இதெல்லாம் எழுதுறீங்களே, இது நல்லதுதானான்னு பாருங்க” என்றார் அந்தச் சகோதரர்.

எதற்காக இவ்வளவு பெரிய ரவுட்டர் என்று கேட்டேன். மகளின் பாட வீடியோவுக்காக இருக்கும் என்று நினைத்தேன். காரணம் அதுவல்ல. பின் அறையில் அவருடைய தாயார் இரண்டு ஆண்டுகளாகப் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். ஊரிலுள்ள மூத்த மகள் நாள்தோறும் மாலையில் வீடியோவில் அழைப்பார். அம்மாவின் பேச்சு குழறிக் குழறித்தான் வரும். உதட்டசைவைப் பார்த்துக்கொண்டே கேட்டால்தான் சொல் பிடிபடும். படம் உறைந்து நின்றுவிட்டால் பேச்சும் வீணாகிவிடும். ஞாயிறு ஆராதனையை நேரலையில் காண்பதும் அப்படியே; பாதியில் வட்டம் சுற்றத் தொடங்கும், அம்மா கண்ணை மூடிக்கொள்வார். முன் அறைக்கு அவரைத் தூக்கி வந்து உட்கார வைப்பது ஒருவரால் ஆகிற காரியம் அல்ல.

வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குமுன் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஏனெனில் நானும் ஒருமுறை ஏமாந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் இதே தொல்லை வந்தபோது, சுவரில் செருகும் ரிப்பீட்டர் ஒன்றைக் கடைக்காரரின் சொல்லை நம்பி வாங்கினேன். அதைச் செருகியதும் கைபேசியில் நான்கு கோடுகளும் நிறைந்து நின்றன. வேகமோ பழையபடியே. கோடுகள் காட்டுவது ரிப்பீட்டருக்கும் கைபேசிக்கும் உள்ள நெருக்கத்தை. ரிப்பீட்டருக்கே அலை மெலிந்து வந்தால் அது எதைத் திருப்பி அனுப்பும்? அதுமட்டுமன்று, ஒரே அலைவரிசையில் கேட்டு, அதிலேயே மறுபடி சொல்லும் எளிய ரிப்பீட்டர் தன் நேரத்தில் பாதியைக் கேட்பதற்கே செலவிடுகிறது. வேகம் ஏறக்குறைய பாதியாகும். இன்றும் அது என் அலமாரியில் தூங்குகிறது.

ஆகவே முதலில் அளந்து பார்த்தோம். அளக்காமல் வாங்குவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது போலத்தான் என்று அந்தச் சகோதரியே சொல்லிச் சிரித்தார். அவர்கள் எடுத்திருந்த திட்டம் 100 எம்பிபிஎஸ். மகளின் மடிக்கணினியை லேன் கேபிள் வழியாக இணைப்புப் பெட்டியிலேயே நேரடியாகச் செருகிப் பார்த்தபோது 94 காட்டியது. ஆக, தெருவிலிருந்து வரும் ஒளியிழையிலும் நிறுவனத்திலும் குற்றமில்லை. அதே பெட்டிக்கு மூன்றடி தொலைவில் நின்று கைபேசியில் வைஃபை மூலம் பார்த்தோம்: 38. பின் அறையில், தாயாரின் கட்டிலருகே: இறங்கும் வேகம் 2, ஏறும் வேகம் அரையைக்கூடத் தொடவில்லை. இரண்டாவது முறை பார்த்தபோது சோதனையே பாதியில் நின்றுவிட்டது.

இந்த எண்களுக்குப் பொருள் என்னவென்று தெரிந்தால்தான் பணத்தை எங்கே போடலாம் என்பது தெரியும். யூடியூபில் 1080 தரத்தில் ஒரு வீடியோ ஓட ஏறக்குறைய 5 எம்பிபிஎஸ் போதும்; மிக உயர்ந்த 4கே தரத்துக்கு 20 வேண்டும். வீட்டு வீடியோ அழைப்புக்கு ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் தாராளம். ஆனால் அது இரு திசையிலும் கிடைக்க வேண்டும். நம் முகம் எதிரில் இருப்பவருக்குத் தெரிவது ஏறும் வேகத்தால். மத்திய அரசு 2023 ஜனவரியில் பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச அளவை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. அந்த அறையில் கிடைத்ததோ அந்தக் குறைந்தபட்சத்தின் விளிம்பு. வாசல்வரை வந்த 100, கட்டிலை எட்டுமுன் 98ஐ எங்கோ தொலைத்துவிட்டது. இந்த நிலையில் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறியிருந்தாலும் கட்டிலருகே அதே 2தான் வந்திருக்கும். நம்மில் பலர் மாதந்தோறும் இப்படித்தான் வீணாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கே தொலைந்தது என்று தேட வீட்டையே சுற்றி வந்தோம். பொம்மனஹள்ளி, ஹொங்கசந்திரா, கார்வேபாவிபாளையா பக்கத்து வாடகை வீடுகளை அறிந்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. 30க்கு 40 அடி மனை. அதில் நான்கு தளம். தளத்துக்கு இரண்டு வீடு. ரயில்பெட்டியைப் போல் நீளவாக்கில் முன் அறை, சமையலறை, குளியலறை, பின் அறை. சுவர்கள் சாலிட் பிளாக் எனப்படும் திடமான சிமென்ட் கல்லால் ஆனவை. இணைப்பு கொடுக்க வந்த பையன் வாசலருகே ஒளியிழை நுழையும் இடத்திலேயே, தொலைக்காட்சி அலமாரிக்குப் பின்னால், பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தான். முன்னால் தொலைக்காட்சி, பக்கத்தில் இரும்பு பீரோ, அப்பால் சமையலறை அலமாரி நிறையப் பாத்திரங்கள், அதற்கும் அப்பால் தண்ணீர் நிறைந்த டிரம். உலோகம் ரேடியோ அலையைத் திருப்பி அடிக்கிறது. தண்ணீர் விழுங்குகிறது. காங்கிரீட் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறது. நேர்க்கோட்டில் பார்த்தால் இருபத்தைந்து அடிதான். ஆனாலும் அலைக்கு அது வெகுதூரம்.

ஆறு ஆன்டெனா இருந்தால் அத்தனையையும் ஊடுருவாதா என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. வைஃபை என்பது வானொலியைப் போல் ஒருவர் பேச மற்றவர் கேட்கும் ஏற்பாடு அன்று, உரையாடல். ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், பாட்டியின் கையிலிருக்கும் விலை குறைந்த கைபேசி திரும்பப் பேசும் குரல் அதே மெல்லிய குரல்தான். அந்தக் குரல் இரண்டு சுவரையும் பீரோவையும் கடந்து ரவுட்டரின் காதில் விழ வேண்டும். ஆன்டெனா கூடினால் ரவுட்டரின் காது ஓரளவு கூர்மையாகும் என்பது உண்மை. ஆயினும் இரும்பு பீரோவின் முன் அது பெரிதாக உதவாது. மேலும், உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் அலைவரிசையில் எவ்வளவு ஆற்றலோடு பேசலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. விலை உயர்ந்த ரவுட்டருக்கும் அதே வரம்புதான்.

அந்த அலைவரிசையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையை யாரும் உரிமம் பெறாமல் பயன்படுத்தலாம் என்று நம் நாட்டில் விதி வந்தது 2005 ஜனவரியில். அதனால்தான் வைஃபை வீட்டுக்கு வீடு வந்தது. நெரிசலும் அதனால்தான் வந்தது. அந்தப் பின் அறையில் நின்று கைபேசியில் ஒரு செயலியைத் திறந்து பார்த்தேன். சுற்றுப்புறத்து வைஃபை பெயர்கள் 31 வந்தன. எதிர்ப்புறம் ஒரு பி.ஜி. விடுதி, அங்கே தளத்துக்கு ஒரு ரவுட்டர். 2.4 பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. முப்பத்தொரு வீடுகள் மூன்று சந்துக்குள் புகுந்தால் என்ன ஆகும்? இரவு எட்டு மணிக்குச் சில்க் போர்டு சந்திப்பைக் கண்டவர்கள் அறிவார்கள். மைக்ரோவேவ் அடுப்பும் இதே பட்டையின் அருகில்தான் இயங்குகிறது. அது ஓடும் சில நிமிடங்களில் படம் தடுமாறினால் வியப்பில்லை.

5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை அகலமான சாலை. அங்கே சேனல்கள் அதிகம், வேகமும் அதிகம். ஆனால் அதன் அலை சுவரைக் கடப்பதில் பலவீனமானது. பல நேரங்களில் இதுவே நமக்கு நன்மை: பக்கத்து வீட்டாரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் நம் வீட்டுக்குள் அவ்வளவாக வராது. ஆக, 5 ஜிகாஹெர்ட்ஸ் வேண்டுமானால் அது எந்த அறைக்குத் தேவையோ அந்த அறைக்கு அருகிலேயே பிறக்க வேண்டும். இவர்கள் வீட்டிலிருந்த பழைய பெட்டியிலோ 2.4 மட்டுமே இருந்தது. பக்கத்தில் நின்றும் 38க்கு மேல் ஏறாததன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

எனவே உண்மையிலேயே புதிது ஒன்று தேவைதான். ஆனால் எட்டாயிரம் ரூபாய்ச் சிலந்தி தேவையில்லை; அது முன் அறையில் இருக்கவும் தேவையில்லை.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். ஏசி1200 என்றால் 1200 எம்பிபிஎஸ் கிடைக்கும் என்பதன்று, 2.4 பட்டையில் 300, 5 பட்டையில் 867 எனக் காகிதத்தில் கூட்டிய தொகை அது. ஒரு சாதாரணக் கைபேசி ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் பேசும்; அதிலும் நடைமுறையில் கிடைப்பது பாதியளவே. ஏஎக்ஸ் என்று தொடங்கினால் அது வைஃபை 6. ஒரே நேரத்தில் பல கருவிகள் பேசும் வீட்டுக்கு அது நல்ல முன்னேற்றம். கையில் காசிருந்தால் இன்று வாங்குபவர் அதை வாங்கலாம். 2024 ஜனவரியில் சான்றளிப்புத் தொடங்கிய வைஃபை 7 நம் போன்ற வீடுகளுக்கு இப்போதைக்கு ஆடம்பரம். நம் கைபேசிகளில் பெரும்பாலானவை அந்த மொழியைப் பேசவே பேசா. இதைவிடக் கவனிக்க வேண்டியது, பெட்டியின் பின்புறத் துளைகள். “10/100” என்று போட்டிருந்தால், திட்டம் 300 எம்பிபிஎஸ் ஆனாலும் அந்தத் துளை 95க்கு மேல் விடாது. 100க்கு மேற்பட்ட திட்டம் எடுத்தவர்கள் “கிகாபிட்” என்ற சொல்லைப் பார்த்தே வாங்க வேண்டும்.

கடைக்குப் போகுமுன் இணைப்பு நிறுவனத்தையே அழைத்து, பழைய பெட்டிக்குப் பதில் இரு பட்டைப் பெட்டி தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் இழப்பில்லை. இவர்களுக்குக் கூடுதல் வைப்புத்தொகை வேண்டும் என்றார்கள். ஆகவே வேண்டாமென்று விட்டோம்.

அடுத்த சனிக்கிழமை சகோதரரும் நானும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் திறந்தபிறகு இந்தப் பயணம் எளிதாகிவிட்டது. பொம்மனஹள்ளியில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி நடந்தோம். முன்பெல்லாம் பேருந்தில் சில்க் போர்டைத் தாண்டுவதற்குள்ளேயே உற்சாகம் வடிந்துவிடும். இரு பட்டை ரவுட்டர் ஒன்று 1,700 ரூபாய். இருபது மீட்டர் கேட் 6 கேபிளும் சுவரில் அடிக்கும் கிளிப்புகளும் 400 ரூபாய்க்குள் அடங்கின. பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருவதாக ஒரு கடையில் சொன்னார்கள். உத்தரவாதம் வேண்டுமே, பில்லோடுதான் வாங்கினோம்.

இனிச் செய்த வேலையைச் சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒளியிழைப் பெட்டியை நாங்கள் அசைக்கவே இல்லை. ஒளியிழை என்பது உள்ளே கண்ணாடி. அதை நாமாக நீட்டவோ மடக்கவோ கூடாது. கட்டில் காலில் நசுங்கினாலோ கூர்மையாக மடிந்தாலோ ஒளி கசிந்துவிடும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். லேன் கேபிளோ செப்புக் கம்பி. நூறு மீட்டர்வரை வேகம் குறையாது. பழைய பெட்டியின் லேன் துளையிலிருந்து அந்தக் கேபிளைச் சுவரோரமாக, கதவு நிலையின் மேல்வழியாக, பின் அறை வாசல்வரை கொண்டுபோனோம். வீட்டுக்காரம்மாவிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டோம். துளை எதுவும் போடவில்லை; சிறு ஆணிக் கிளிப்புகள் மட்டுமே. பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காலி செய்யும்போது சுவரில் துளை இருந்தால் முன்பணத்தில்தான் கை வைப்பார்கள். கேபிளையும் ரவுட்டரையும் அடுத்த வீட்டுக்குச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

புதிய ரவுட்டரைப் பின் அறை வாசலுக்கு மேல், ஆறடி உயரத்தில் வைத்தோம். அதன் அமைப்புப் பக்கத்தில் “ஆக்ஸஸ் பாயின்ட்” என்ற முறையைத் தேர்ந்தெடுத்தோம். இதைச் செய்யாவிட்டால் இரண்டு ரவுட்டர்களும் தனித்தனியே முகவரி வழங்கி ஒன்றின் காலை மற்றொன்று வாரும். அந்த முறை இல்லாத பழைய ரவுட்டரையும் இப்படிப் பயன்படுத்தலாம்: அதன் முகவரியை முதல் பெட்டியின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, டிஹெச்சிபி என்ற வசதியை நிறுத்தி, கேபிளை அதன் வேன் துளையில் செருகாமல் லேன் துளையில் செருகினால் போதும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொன்று கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். செலவு கேபிளோடு முடிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்தோம். கைபேசி தானாகவே அருகிலுள்ளதைப் பிடித்துக்கொள்ளும். 2.4 பட்டையைச் சற்று ஆளில்லாத சேனல் 11இல் நிறுத்தினோம். முன் அறைத் தொலைக்காட்சியை ஒரு சிறு கேபிளால் பெட்டியோடு நேரடியாகச் சேர்த்துவிட்டோம். நகராத கருவிக்கு வைஃபை எதற்கு?

கேபிள் இழுக்கவே முடியாத வீடுகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. அங்கே மெஷ் எனப்படும் இரட்டைப் பெட்டிகள் உதவும். அவற்றிலும் தமக்குள் பேசத் தனிப்பட்டை உள்ளதே நன்று. இரண்டாம் பெட்டியை அலை செத்த அறைக்குள் வைக்காமல் பாதி வழியில் வைக்க வேண்டும். இல்லையேல் என் ரிப்பீட்டரின் கதைதான்.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்களுடைய பழைய கடவுச்சொல் கீழ்த்தளம், மேல்தளம், எதிர் விடுதிப் பையன் ஒருவன் என்று ஆறேழு பேருக்குத் தெரிந்திருந்தது. “கேட்டா எப்படி பிரதர் இல்லைன்னு சொல்றது?” என்றார் சகோதரி. நல்ல மனம்தான். ஆனால் நம் இணைப்பிலிருந்து எவரேனும் தகாத காரியம் செய்தால், காவல்துறை முதலில் தட்டுவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கதவைத்தான். விருந்தினருக்கென்று தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொடுக்கும் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் இருக்கிறது; கேட்பவருக்கு அதைக் கொடுக்கலாம், வேண்டும்போது நிறுத்தலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல் “அட்மின்” என்றே கிடந்தது, அதையும் மாற்றினோம். பிள்ளைகள் உள்ள வீடாகையால், டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்று நிரப்பினோம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்காகத் தொடங்கிய இலவச வசதி அது. ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே தடுத்துவிடும். கைபேசியில் மொபைல் டேட்டாவைத் திறந்துவிட்டால் அதற்கு வேலையில்லை என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

மின்தடைக்கும் ஒரு வழி செய்தாயிற்று. மின்சாரம் போனாலும் ஒளியிழையில் ஒளி பெரும்பாலும் வந்துகொண்டேதான் இருக்கும். அணைவது நம் பெட்டி. ரவுட்டருக்கென்றே சிறு யூபிஎஸ்கள் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவில் கிடைக்கின்றன. ஆனால் நம் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறதோ அதே வோல்ட் யூபிஎஸ்ஸிலும் இருக்க வேண்டும். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் பெட்டி பழுதாகலாம். இவர்களுக்கு இரண்டு பெட்டிகள் என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஆற்றல் தரும் ஒன்றை அடுத்த சம்பளத்தில் வாங்குவதாக இருக்கிறார்கள்.

வேலை முடிந்து கட்டிலருகே நின்று அளந்தபோது இறங்கும் வேகம் 88, ஏறும் வேகம் 81. மகள் அந்த எண்ணைத் தன் பாட்டிக்குக் காட்டினாள். அவருக்கு அது ஒன்றும் புரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், எனக்கும் புரியவில்லை. ஆறு மணிக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. மூத்த மகள் திரையை முகத்தருகே கொண்டுவந்து சற்று நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு கேட்டார்:

“அம்மாவுக்கு எப்ப முடி வெட்டுனீங்க?”

வெட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது.